பக்கத்துல தீம் பார்க் வருதுங்களாமா!

கோயமுத்தூர்க்காரனிடம் ரெண்டு விஷயத்தில் வாய் கொடுக்கக் கூடாது. ஒண்ணு, சிறுவாணித் தண்ணி. இன்னொண்ணு, சைட்டு!

என் மாமா (அம்மாவின் தம்பி) சிறுமுகைக்காரர். மூணு ஏக்கர் பாக்குத் தோப்பு, ஓரமாக வாழை, ஒரு கிணறு, ஒரு பழைய டி.வி.எஸ். ஃபிப்டி. இவ்வளவுதான் சாம்ராஜ்யம். போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடிஞ்சும் விடியாமல் போன் பண்ணினார்.

"மாப்ள... நீ ஆபீஸ்ல கம்ப்யூட்டர் முன்னாடிதான உக்காந்திருக்குற?"

"ஆமாங் மாமா."

"அப்ப ஒண்ணு பார்த்துச் சொல்லு. பிளாக் தண்டருக்குப் போட்டியா அந்த வண்டர்லாக்காரன் நம்ம பக்கம் வர்றானாமா. அன்னூர்ப் பக்கம் எடம் பாக்கறானாம். நெசமா?"

தூக்கம் போய்விட்டது. மாமா பொதுவாக மழை வருமா என்றுதான் கேட்பார். தீம் பார்க் வருமா என்று கேட்டால் யாரோ ஒரு புரோக்கர் வீடு வரைக்கும் வந்து காபி குடித்துவிட்டுப் போயிருக்கிறார் என்று அர்த்தம்.

அப்படித்தான். 'தோப்புல ஒரு ஏக்கரைக் குடுத்துப்போட்டு அன்னூர்ப் பக்கம் ஆறு சைட்டு வாங்கிப் போடுங்க. பார்க் வந்துச்சுன்னா ஒண்ணுக்கு நாலு. பொண்ணு கல்யாணத்தை ஜாம்ஜாம்னு முடிச்சுப்போடலாம்' என்று சொல்லியிருக்கிறார். மாமாவுக்கு ஒரே பெண். அடுத்த தை மாசம் கல்யாணம் பண்ணுவதாகப் பேச்சு.

போனுக்குப் பின்னாலிருந்து அத்தையின் குரல்: "அந்த ஏக்கர்லதான் கெணறு இருக்குதுன்னு அதையும் சொல்லுங்க உங்க மாப்ளைகிட்ட!"

கம்ப்யூட்டரில் பார்த்துச் சொல்கிற சமாசாரமா இது? "நேர்லயே போய்ப் பார்த்துட்டு வரலாங் மாமா" என்று கிளம்பிவிட்டேன்.

மேட்டுப்பாளையம் ரோடு பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தால் அதுவே ஒரு பிக்னிக்தான். துடியலூர், பெரியநாயக்கன்பாளையம் தாண்டும்வரைக்கும் பட்டறையும் மில்லும் கல்யாண மண்டபமும் மாறி மாறி வரும். காரமடை ரங்கநாதரைத் தாண்டியதும் திடீரென்று எதிரே மலை எழுந்து நிற்கும். பாதிப் பஸ் ஊட்டிக்குப் போகிற கூட்டம். ஸ்வெட்டரை இங்கேயே போட்டுக்கொண்டு வேர்வையில் நனைகிற ஒரு ஆசாமி எல்லா பஸ்ஸிலும் உண்டு. அன்றைக்கும் இருந்தார்.

மாமா பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. தீம் பார்க்குக்குப் பெண் பார்க்கப் போகிற கோலம்!

பவானிப் பாலம் தாண்டி ஊட்டி ரோட்டில் பாக்குத் தோப்புகளுக்கு நடுவே கொஞ்ச தூரம் போனால் பிளாக் தண்டர். நீலகிரியின் காலடியில் தண்ணீரைக் கொட்டி விளையாடுகிற இடம். சென்னையில் கடல் இருக்கிறது, நமக்கு இது. தொண்ணூறுகளில் கோவையில் காலேஜ் படித்தவனுக்கு ஒரு தடவையாவது இங்கே வந்து கண் சிவந்து வீடு திரும்பிய அனுபவம் இருக்கும். எனக்கு மூணு தடவை. நாலாவது தடவை மாமாவுடன் வருவேன் என்று நினைக்கவில்லை.

அலைக் குளத்தில் வேட்டியோடு இறங்க முடியாது, நைலான் டிரஸ் வேணும். "அதெல்லாம் நமக்கு ஆகாது மாப்ள" என்று கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். சங்கு ஊதியதும் அலை வந்தது. பொடிசுகள் கத்த ஆரம்பித்தன. மாமா முகத்தில் ஒரு பிரமிப்பு. பக்கத்தில் விசிலோடு நின்ற பையனைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங் தம்பி, இதுக்கு எத்தன எச்.பி. மோட்டாருங்?"

பையன் முழித்தான். எனக்குத் தெரிந்ததை நான் சொன்னேன். பொதுவாக இந்த மாதிரிக் குளங்களில் அலை அடிக்க வைப்பது பம்பே இல்லை. ஆழமான பக்கத்துச் சுவருக்குப் பின்னால் அறை அறையாக இருக்கும். பெரிய ஃபேன் வைத்து அதற்குள் காற்றை அடிப்பார்கள். காற்று தண்ணீரைக் கீழே அழுத்தும், அழுத்தின தண்ணீர் வெளியே அலையாக வரும். அப்புறம் காற்றைத் திறந்து விட்டுவிட்டு மறுபடியும் முதலிலிருந்து. பம்பு வேலை பார்ப்பது தண்ணீரை மணல் ஃபில்டர் வழியாக ஓட்டிச் சுத்தம் பண்ணி, திரும்பக் குளத்துக்கே அனுப்புவதற்கு.

"பம்பு இல்லாம அலையா? அப்பறம் கோயமுத்தூருக்கு என்ன மருவாதை?" என்றார் மாமா. ஆனால் 'அதே தண்ணி திரும்பத் திரும்ப' என்ற விஷயத்தை மட்டும் மனசில் குறித்துக்கொண்டது தெரிந்தது. கிணறு வைத்திருக்கிறவர் அல்லவா!

தின்கிற போண்டாவோடு சேர்ந்து ஆராய்ச்சியை ஆரம்பித்தோம். முதலில், இந்தப் பக்கமே ஒரு பார்க் இன்னும் பெரிசாக விரிய முடியுமா? மாமா கையை நீட்டி மலையைக் காட்டினார். அங்கே காடு. ரோட்டில் இன்னும் கொஞ்சம் மேலே போனால் கல்லாறு. ஒரு பக்கத்துக் காட்டிலிருந்து இன்னொரு பக்கத்துக்கு யானை போகிற வழித்தடம் அங்கே ஊட்டி ரோட்டைக் குறுக்கே வெட்டுகிறது. யானைக்கு டிக்கெட் கிடையாது, கியூ கிடையாது! மலையடிவாரத்து ஊர்கள் பலவற்றில் கட்டடம் கட்டுவதற்கு, மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுவின் (நம்ம ஊரில் ஹாகா என்றால் எல்லோருக்கும் புரியும்) அனுமதியும் வேண்டும். ஆகவே இந்தப் பக்கம் அகலமாக வளர வாய்ப்பு கம்மி. இருக்கிற வேலிக்குள்ளேயே புதுச் சறுக்கு, புது ரூம் என்று வளரலாம்.

ஆனால் கூட்டம் வருவதற்கு ஒரு புதுக் காரணம் இருக்கிறது. ஐகோர்ட் உத்தரவுப்படி 2024 மே மாசத்திலிருந்து ஊட்டிக்கு வண்டியில் போக இ-பாஸ் வந்தது. 2025 சீசனில் வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 என்று கணக்கும் வைத்தார்கள். பாஸ் கிடைக்காமல் மேட்டுப்பாளையத்தில் குடும்பத்தோடு நிற்கிறவன் என்ன பண்ணுவான்? பெண்டாட்டி முகத்தைப் பார்ப்பான், குழந்தை முகத்தைப் பார்ப்பான், நேரே தண்ணீரில் போய் விழுவான். இது என் ஊகம்தான்.

இப்போது போட்டிக்காரர் கதைக்கு வருவோம். வி-கார்டு ஸ்டெபிலைசர் கொச்சவுசேப் சிட்டிலப்பிள்ளி 2000-ல் கொச்சியில் ஆரம்பித்தது வீகாலேண்ட். 2005-ல் பெங்களூர் மைசூர் ரோட்டில் பிடதி பக்கம் வண்டர்லா. கொச்சிப் பார்க்கும் பிற்பாடு அதே பெயருக்கு மாறியது. 2016-ல் ஹைதராபாத், 2024-ல் புவனேஸ்வர். 2025 டிசம்பரில் சென்னை, திருப்போரூர் பக்கம் இள்ளலூரில். அறுபது ஏக்கருக்கு மேல் இடம், அறுநூறு கோடிக்கு மேல் செலவு. அதில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு போகிற ரோலர் கோஸ்டருக்கு 'தஞ்சோரா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தஞ்சாவூர்க்காரர்கள் கோபித்துக்கொள்ளப் போகிறார்கள்.

இந்தச் சென்னைப் பார்க்கே சுலபமாக வந்துவிடவில்லை. கேளிக்கை வரிச் சிக்கலில் வருஷக்கணக்காகத் தள்ளிப் போனது. இன்னொரு விஷயம், இவர்கள் இடத்தை முதலிலேயே தாராளமாக வாங்கிப் போடுகிற ஆட்கள். கொச்சியில் சுமார் 90 ஏக்கர், பெங்களூரில் சுமார் 80. விரிவு பண்ண வேண்டுமென்றால் பக்கத்துத் தோட்டத்தில் வந்து கதவைத் தட்ட வேண்டியதில்லை.

"செரி, கோயமுத்தூருக்கு வருவானா மாட்டானா? அதச் சொல்லு" என்றார் மாமா.

என்னைக் கேட்டால், யோசிப்பான். கோவையிலிருந்து கொச்சிப் பார்க் இருநூறு கிலோமீட்டருக்குள். நம்ம ஊர் காலேஜ் பஸ்கள் ராத்திரி கிளம்பி விடிகாலையில் அங்கே போய் நிற்பது வழக்கம். இங்கே ஒன்று கட்டினால் தன் கொச்சிக் கடைக்குத் தானே போட்டி. பக்கத்திலேயே பேரூர்ப் பக்கம் கோவை கொண்டாட்டம், பாலக்காட்டில் மலம்புழா. வந்தாலும் ஐம்பது அறுபது ஏக்கர் ஒரே துண்டாக, ஹைவேயை ஒட்டி, தண்ணீரோடு வேணும். அன்னூர் பக்கம் ஒரு காலத்தில் தண்ணீர் என்றாலே பெருமூச்சு. 2024 ஆகஸ்டில் அத்திக்கடவு-அவிநாசித் திட்டம் திறந்து குளங்களுக்குத் தண்ணீர் வந்தது. அது குளத்துக்கும் நிலத்தடி நீருக்கும் வந்த தண்ணீர். அறுபது வருஷத்துக்கு மேலாகப் போராடி வாங்கியதைச் சறுக்கு விளையாட விட்டுவிடுவார்களா அன்னூர்க்காரர்கள்? 2022-ல் அங்கே தொழிற்பூங்காவுக்கு நிலம் எடுக்கப் போவதாகச் செய்தி வந்தபோது விவசாயிகள் ரோட்டுக்கு வந்ததை மாமாவே பார்த்திருக்கிறார்.

அப்போதுதான் அவருக்கு வால்ட் டிஸ்னி கதையைச் சொன்னேன்.

டிஸ்னி 1955-ல் கலிபோர்னியாவில் முதல் பார்க் திறந்தார். கூட்டம் அம்மியது. ஆனால் சுற்றிலும் லாட்ஜும் கடையும் கட்டிச் சம்பாதித்தது ஊரான். மனுஷனுக்கு அது உறுத்தியது. அடுத்த பார்க்குக்கு ஃப்ளோரிடாவில் இடம் வாங்கும்போது தன் பெயரே வெளியில் தெரியாமல், வாயில் நுழையாத கம்பெனிப் பெயர்களில் துண்டு துண்டாக 27,000 ஏக்கர் வாங்கிப் போட்டார். சதுப்பு நிலம், விற்றவனுக்கு ஆள் யாரென்றே தெரியாது. 1965 அக்டோபரில் உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று போட்டு உடைத்த பிறகுதான் சுற்றுவட்டார விலை பிய்த்துக்கொண்டு போனது. அதற்குள் டிஸ்னி வாங்க வேண்டியதில் பெரும்பகுதியை வாங்கி முடித்தாயிற்று.

மாமா போண்டாவைக் கீழே வைத்தார்.

"அப்படீன்னா... நெசமாலுமே வர்றவன் சொல்லாம வருவான்."

"ஆமாங் மாமா. சொல்லிட்டு வர்றதா இருந்தா, வண்டர்லா 2014-லயே ஷேர் மார்க்கெட்டுக்கு வந்த கம்பெனி. இவ்வளவு பெரிய பிராஜெக்ட்டுன்னா எக்ஸ்சேஞ்சுக்கு எழுதித் தரணும். அது யார் வேணாலும் படிக்கிற காயிதம். ஒண்ணு அந்தக் காயிதம் இருக்கணும். இல்லாட்டி புரோக்கருக்கே தெரியாம இருக்கணும்."

மாமா ரொம்ப நேரம் பேசவில்லை. அலைக் குளத்தில் மறுபடியும் சங்கு ஊதியது. ஒரு குட்டிப் பயல் தண்ணீரைக் குடித்துவிட்டு அவர் காலடியில் வந்து இருமினான். தோளில் இருந்த துண்டை எடுத்து அவன் தலையைத் துவட்டிவிட்டார். அந்தப் பயலின் அம்மா ஓடி வந்து 'தேங்க்ஸ் அங்கிள்' என்றது அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. சாயங்காலம் வரை ரெண்டு தடவை சொல்லிக்கொண்டார்.

திரும்பும் வழியில் மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே புரோக்கருக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில்.

"ஏனுங், நம்ம அன்னூர் சைட்டு விஷயமுங். எக்ஸ்சேஞ்சு காயிதம்னு ஒண்ணு இருக்குதாமா, அதுல ஒரு ஜெராக்ஸ் வேணுமுங்."

"அதெல்லாம் ரகசியமுங்க மாமா! வெளீல வராது."

"செரிங். அப்ப ஒண்ணு பண்ணுங். ஆறு சைட்டுல மொத சைட்டை நீங்க உங்க பேர்ல எழுதிக்குங். பத்தரத்தைக் காட்டுனீங்கன்னா மிச்ச அஞ்சை நான் எடுத்துக்கறனுங்."

அந்தப் பக்கம் டவர் போய்விட்டது. இந்த மாதிரி நேரத்தில் டவர் போவது கோவை ஜில்லாவில் சகஜம்.

கல்யாணச் செலவுக்கு என்ன பண்ணுவது என்பது அப்படியே நிற்கிறது. மாமா பாக்கு விலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அத்தை மட்டும் போனவாரம் போன் பண்ணி ரொம்ப நேரம் பேசினாள். கடைசியில் மெதுவாக ஒரு கேள்வி:

"ஏங் கண்ணு... உங்க மாமன் அங்க போயி தண்ணீல எறங்குனாரா? வேட்டி பூராம் ஒரே குளோரின் நாத்தம்!"