கியர்ப் பெட்டி கற்பித்த பாடம்

கல்லூரி வாழ்வில் யாம் கற்றவை பல. அவற்றுள் மறந்தவையும் பல. ஆயினும் நடுவயதில், கைகளில் எண்ணெயும் கரியும் படிய, ஓர் இருப்புப் பெட்டியின் முன் முழந்தாளிட்டுக் கற்ற பாடமொன்று எம் உள்ளத்தை விட்டு அகலாதிருக்கின்றது. ஐக்கிய அமெரிக்காவின் கொலராடோ மாகாணத்தில் வசிக்கும் பழைய மாணாக்கராகிய யாம், அதனை எம் கல்லூரிச் சகோதர சகோதரிகளுக்கு இச்சஞ்சிகையின் வாயிலாகச் சொல்ல விரும்புகின்றோம்.

எம்மிடம் ஒரு பிக்-அப் வண்டி உண்டு. முன்னே மனிதர் அமரும் அறையும், பின்னே சுமை ஏற்றும் திறந்த தொட்டியும் உடையது அது. அதன் பின்புறத்தில் டிரெயிலரைப் பூட்டிப் பாரம் இழுப்பது இந்நாட்டில் யாண்டும் காணும் வழக்கம். இவ்வண்டியில் காலால் மிதிக்கும் கிளச்சு இல்லை. வேகத்திற்கும் பாரத்திற்கும் ஏற்பக் கியர் தானே மாறிக்கொள்ளும். எண்ணெயின் வாயிலாகச் சக்தியைக் கடத்தும் உபாயத்திற்கு ஜெர்மானியராகிய ஹெர்மன் ஃபெட்டிங்கர் என்பார் 1905-ஆம் ஆண்டிலேயே உரிமை பெற்றனர். பின்னர், ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் ‘ஹைட்ரா-மாட்டிக்’ என்னும் தானியங்கிக் கியர்ப் பெட்டியை 1939-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஓல்ட்ஸ்மொபில் வண்டிகளில் அமைத்து விற்கத் தொடங்கினர்.

இப்பெட்டியின் இயல்பைச் சிறிது கூறுவோம். எஞ்சின் சுழலும்போது, எண்ணெய் நிறைந்த ஒரு கூட்டினுள் விசிறி போன்ற உறுப்பொன்று சுழலும். அது வீசும் எண்ணெய் எதிரேயுள்ள மற்றொரு விசிறியைச் சுழற்றும். அதன் பின்னே, சூரியனைக் கிரகங்கள் சூழ்ந்தாற்போல, நடுச்சக்கரத்தைச் சிறு பற்சக்கரங்கள் சூழ்ந்திருக்கும். அவற்றுள் எதனைப் பிடித்து நிறுத்துகின்றோமோ அதற்கேற்பக் கியர் மாறும். பிடித்து நிறுத்துவன, எண்ணெயின் அழுத்தத்தால் நெருக்கப்படும் கிளச்சுத் தகடுகளாம். எனவே சக்தியைக் கடத்துவதும், தகடுகளை நெருக்குவதும், உறுப்புகளின் தேய்வைக் குறைப்பதும், உஷ்ணத்தை வெளியே கொண்டுபோவதும் ஆகிய நான்கு தொழில்களையும் எண்ணெய் ஒன்றே செய்கின்றது. அவ்வெண்ணெய் ஏறக்குறைய 175 டிகிரி பாரன்ஹீட்டு உஷ்ணத்தில் இருப்பது நலம்; அதன் மேல் ஒவ்வொரு 20 டிகிரி ஏறுந்தோறும் அதன் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது தொழிலாளர் வழங்கும் கணக்கு.

இனி எமது விருத்தாந்தம். 2023-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் எம் திருச்சபையின் வாலிபர் முகாமுக்கு வேண்டிய கூடாரங்கள், பலகைகள், தண்ணீர்ப் பீப்பாய்கள் முதலியவற்றை மலைக்கு அப்பால் கொண்டுசேர்க்கும் பொறுப்பை யாம் வலிய ஏற்றுக்கொண்டோம். இரண்டு முறை போவதற்குச் சோம்பி, அனைத்தையும் ஒரே டிரெயிலரில் அடுக்கினோம். நிறுத்துப் பார்க்க வேண்டாவோ என்று எம் மனைவியார் வினவியபோது, வண்டி புதியது, வலியது என்று நகைத்தோம்.

கடல்மட்டத்திற்கு 5,280 அடி உயரத்திலுள்ள டென்வர் நகரினின்று மேற்கே செல்லும் பெருஞ்சாலை, ஏறக்குறைய 60 மைல் தூரத்தில் 11,000 அடிக்கு மேற்பட்ட உயரத்திலுள்ள ஐசன்ஹோவர் சுரங்கத்தை அடைகின்றது. அச்செங்குத்தான ஏற்றத்தில் எமது கியர்ப் பெட்டி மேல் கியருக்குப் போவதும், வலியின்றிக் கீழே இறங்குவதுமாகத் தத்தளித்தது. பாரம் இழுக்கும்போது அழுத்துவதற்கென்றே ஒரு பொத்தான் எம் கையருகே இருந்தது. அதனை அழுத்தினால் பெட்டி கீழ்க் கியரிலேயே நிலைத்து நிற்கும். யாமோ அழுத்தவில்லை. உஷ்ணமானியின் முள் 250-ஐ நெருங்குவதைக் கண்டும், சுரங்கம் இன்னும் சிறிது தூரமே என்று எண்ணி மேலும் செலுத்தினோம். திடீரென எஞ்சின் அலறிற்று, வண்டி நகரவில்லை. கருகிய எண்ணெயின் நாற்றம் எழுந்தது. பெருஞ்சாலையின் ஓரத்தே, லாரிகள் கடக்குந்தோறும் வண்டி அதிர, உள்ளே எம் மனைவியாரும் மக்கள் இருவரும் வாய்பேசாது அமர்ந்திருந்தனர். மீட்பு வண்டி வரும்வரை யாம் அநுபவித்த அச்சத்தை எழுத்தில் அமைத்தல் அரிது.

முகாமுக்குப் பொருள்கள் இரண்டு நாள் பிந்திச் சென்றன. கேட்டவர்க்கெல்லாம், வண்டியைச் செய்தவர்கள் பெட்டியைப் பலவீனமாகச் செய்துவிட்டனர் என்றே கூறினோம். யாவரும் இரங்கினர். அவ்விரக்கம் எமக்கு இனிதாகவும் இருந்தது.

புதுப்பெட்டி வாங்கப் பல ஆயிரம் டாலர் வேண்டியிருந்தமையால், பழையதையே செப்பனிட முயன்றோம். அயல்வீட்டில் வசிக்கும் முதியவர் ஒருவர் இத்தொழிலில் பல்லாண்டு பழகியவர். அவர் எமக்கு ஆசிரியரானார். பெட்டியை இறக்கிக் கழற்றி, ஒவ்வோர் உறுப்பையும் கழற்றிய வரிசையிலேயே மேசைமேல் வைக்கப் பணித்தார். மேல் கியர்களுக்குரிய கிளச்சுத் தகடுகளில் உராய்வுப் பூச்சு முற்றும் எரிந்து உதிர்ந்திருந்தது. இடையிலுள்ள எஃகுத் தகடுகளோ உஷ்ணத்தால் நீலம் பாய்ந்திருந்தன. பிற உறுப்புகள் எல்லாம் பழுதின்றி இருந்தன. முதியவர் ஒரு நீலத் தகட்டை எம் கையில் வைத்து, செய்தவன் பிழையாயின் வேறிடத்தில் உடைந்திருக்கும், இது ஓட்டியவன் எழுதிய எழுத்து என்று மெல்லக் கூறினார்.

யாம் மறுமொழி சொல்லவில்லை. ஆயினும் வேலையில் ஊக்கங் கொண்டோம். முன்னவற்றினும் உறுதியான புதுத் தகடுகளை எண்ணெயில் ஊறவைத்து அடுக்கினோம். தகடுகளின் இடைவெளியை அளவுத் தகட்டால் அளந்தோம். அழுத்தக் காற்றைச் செலுத்தி ஒவ்வொரு கிளச்சும் பிடிக்கின்றதா என்று சோதித்தோம். ஒரு வெள்ளிக்கிழமை இரவு பெட்டி மூடப்பட்டது. மறுநாளே வண்டியில் ஏற்றி ஓட்டிவிட வேண்டுமென்று துடித்தோம்.

அப்பொழுது முதியவர், எண்ணெயைக் குளிர்விக்கும் கூலரையும் அதன் குழாய்களையும் கழுவினீரா என்று கேட்டார். இல்லை என்றோம். புதிய பெட்டியைக் கொன்றுவிட்டீர் என்றார். குழாயில் கழுவு திரவத்தைச் செலுத்தியபோது, எரிந்த தகடுகளின் கரித்தூள் கலந்து மைபோன்ற எண்ணெய் வெளிவந்தது. அதனை அப்படியே விட்டிருந்தால், அத்தூள் நேரே புதிய பெட்டியினுட் புகுந்து வால்வுகளை அடைத்திருக்கும். எமது ஒரு மாதத்து உழைப்பு சில நாளில் அழிந்திருக்கும். பழைய கூலரில் எஞ்சிய தூளை முற்றும் போக்குதல் அரிதென்று அவர் கூறவே, அதனை நீக்கிப் பெரியதொன்றை அமைத்தோம். அதிக எண்ணெய் கொள்ளும் ஆழமான அடித்தட்டு ஒன்றையும் பொருத்தினோம்.

இவ்வளவும் செய்தபின், இனி அப்பாரத்தை அச்சமின்றி இழுக்கலாமன்றோ என்று அவரிடம் பெருமையோடு கேட்டோம். அவர் வண்டியின் கதவைத் திறந்து, எடை வரம்புகள் அச்சிட்ட சீட்டைக் காட்டினார். கியர்ப் பெட்டியை எவ்வளவு உறுதிப்படுத்தினும், பிரேக்கும் அச்சும் சட்டமும் டயரும் பழையனவே. ஆதலின் செய்தவர் விதித்த வரம்பு ஒரு பவுண்டும் உயராது என்றார். பின்னர் அந்த டிரெயிலரை அதே பொருள்களோடு எடை மேடையில் நிறுத்தோம். எம் வண்டி இழுக்கத் தக்கது 7,500 பவுண்டு. யாம் இழுத்ததோ ஏறக்குறைய 8,900 பவுண்டு! அந்தப் பாரத்தோடு ஏற்றத்தைக் கடந்து, சுரங்கத்திற்கு அப்பாலுள்ள நெடிய இறக்கத்தில் இறங்கியிருப்போமாயின் பிரேக்கு தாங்கியிருக்குமோ? பெட்டி எரிந்தது எம் குடும்பத்திற்கு நேர்ந்த கேடு அன்று, காவலே என்று அன்றிரவு உணர்ந்தோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பின், முகாம் தாமதித்ததற்குக் காரணம் எம் அசட்டையே என்று சபை மூப்பரிடம் சொன்னோம். பெட்டியைக் கழற்றிப் பூட்டிய வேலையினும் அந்த இரண்டு வாக்கியங்களே எமக்குக் கடினமாயிருந்தன. அவர் கேட்டு, வரும் ஆண்டும் நீரே கொண்டுபோம் என்று மட்டும் சொன்னார்.

2024-ஆம் ஆண்டில் அதே பொருள்களை இரண்டு முறையாகக் கொண்டுசென்றோம். பொத்தானை அழுத்திக் கீழ்க் கியரில் மெதுவாக ஏறினோம். உஷ்ணமானியின் முள் 200-ஐத் தாண்டவில்லை.

மாணாக்க நண்பர்களே, எரிந்த தகட்டை மாற்றுதல் எவர்க்கும் கற்பிக்கத் தக்க தொழிலே. அஃது ஏன் எரிந்தது என்று தேடுங்கால் அத்தேடல் எம் வாயிலிலேயே வந்து நின்றது. அங்கே கதவைத் திறத்தலே அரிதாயிற்று. அந்த நீலத் தகடு இன்றும் எம் மேசைமேல் இருக்கின்றது. பிறர்மேற் குற்றஞ் சாட்ட நா எழும்போதெல்லாம் அதனை ஒருமுறை பார்த்துக்கொள்கின்றோம்.