அப்பாச்சி என்ன நிறம்?

யாழ்ப்பாணத்து ஸ்ரூடியோக்களில முகத்தை வெள்ளையாக்கித் தாறதுக்கு ஆரும் தனியாகக் காசு கேட்கிறேல்ல. சாமத்தியவீட்டு அல்பத்தைத் திறந்தால் முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம், கை இன்னொரு நிறம். பிள்ளை பொதுநிறம் எண்டு ஊருக்கே தெரியும், அல்பத்துக்குத் தெரியாது.

இதைப் பகிடியாக விட்டிருக்கலாம். பழைய படங்களை ஸ்கான் பண்ணித் திருத்தி பிறிண்ட் போட வெளிக்கிட்ட பிறகு எங்களுக்கு அது பகிடியாகத் தெரியேல்ல. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்ட கன குடும்பங்களிட்ட மிஞ்சினது ஒண்டோ ரெண்டோ படம்தான். அடையாள அட்டைக்கு எடுத்தது, இல்லாட்டி ஆற்றையோ கலியாணத்தில பின்வரிசையில நிண்டது. அதைத்தான் பெருப்பிச்சுக் கல்வெட்டிலயும் சுவரிலயும் போடீனம். அதில அப்பாச்சி வெள்ளையாக வந்தால், பேரப்பிள்ளையளுக்கு அவ வெள்ளைதான்.

இந்தக் கோளாறு எங்கட ஸ்ரூடியோக்காரர் கண்டுபிடிச்சதில்லை. 1950களில இருந்து கொடாக் நிறுவனம் லாப்களுக்கு ஒரு மாதிரிப் படம் குடுத்தது. அதில இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். ‘ஷேர்லி அட்டை’ எண்டு பேர். அவவின்ர தோல் சரியாக வந்தால் மெஷின் சரி எண்டு அர்த்தம். பல நிறப் பெண்கள் இருக்கிற அட்டை 1990களிலதான் வந்தது. இப்ப அந்த அட்டையின்ர இடத்தில இருக்கிறது எங்கட மொனிற்றர். அதனாலதான் அதை வாங்கிறதுக்கு இவ்வளவு யோசிச்சம்.

கடையில முதல் சொல்லுறது எத்தினை இஞ்சி, எத்தினை ஹேர்ட்ஸ் எண்டதுதான். கேம் விளையாடுற பெடியளுக்கு அது சரி. படம் திருத்திறவை முதல்ல ஐ.பி.எஸ் பனலா எண்டு கேட்கவேணும். டி.என் பனலில தலையைக் கொஞ்சம் சரிச்சாலே முகத்தின்ர நிழல் மாறும். அடுத்தது, எஸ்.ஆர்.ஜி.பி நிறவெளியில எவ்வளவைக் காட்டும் எண்டது. ‘45% என்.டி.எஸ்.சி’ எண்டு போட்டிருந்தால் அது எஸ்.ஆர்.ஜி.பியில கிட்டத்தட்ட மூண்டில ரெண்டு பங்குதான். மலிவு லப்டொப்புகள் கனக்க இந்த வகை. அதில புன்னாலைக்கட்டுவன் செம்மண் சாம்பல் பூசினமாதிரித் தெரியும். நீங்கள் சிவப்பைக் கூட்டுவியள், பிறிண்டில குங்குமம் கொட்டினமாதிரி வரும்.

அடோபி ஆர்.ஜி.பியை முழுக்கக் காட்டுற விலைகூடின மொனிற்றரும் இருக்கு. அது கூடுதலாகத் தாறது முக்கியமாகப் பச்சையும் பச்சைநீலமும். பண்ணைக் கடலைப் பெரிய இங்க்ஜெட் பிறிண்டாக அடிக்கிறவை வாங்கட்டும். தோல் நிறங்கள் எஸ்.ஆர்.ஜி.பிக்குள்ளயே அடங்கும், எங்கட லாப்களும் கேட்கிறது அந்த ஃபைலைத்தான். 2022இல டொலர் 360 ரூபாயைத் தாண்டினதைப் பார்த்த ஆக்களுக்குத் தேவையில்லாத பச்சைக்குக் காசு குடுக்க மனம் வராது. பெட்டியில ‘டெல்டா ஈ 2க்குக் கீழ்’ எண்டு இருந்தால் நல்லது. கேட்ட நிறத்துக்கும் காட்டுற நிறத்துக்கும் உள்ள இடைவெளி அது.

ஆனால் பிறிண்ட் கறுத்துப்போய் வாறதுக்குக் கனதரம் காரணம் பனல் இல்லை, வெளிச்சம். புது மொனிற்றர் 250, 300 கண்டெலாவில எரியும். பிறிண்டுக்கு வேலைசெய்யிறவை அதை 80க்கும் 120க்கும் இடையில இறக்கி வைப்பினம். கடதாசிக்குச் சொந்தமாக வெளிச்சம் இல்லையே. பளிச்செண்ட திரையைப் பார்த்துப் படத்தை இருட்டாக்கிப்போட்டு லாப்கார அண்ணையை ஏசிறதில நியாயமில்லை. அறையும் லேசுப்பட்டதில்லை. றோஸ் சுவரில பட்டு வாற மத்தியான வெயில் கண்ணையே ஏமாத்தும். நாங்கள் யன்னலுக்குக் கறுப்புத் துணி போட்டிருக்கிறம். அம்மாக்களுக்கு அது பிடிக்கேல்ல.

கலிப்ரேற்றர் எண்ட சின்னக் கருவியைத் திரையில தொங்கவிட்டால் நிறத்தை அளந்து புரொஃபைல் எழுதித் தரும். அதின்ர விலை சின்ன மொனிற்றர் ஒண்டுக்குக் கிட்ட வரும். மாசத்தில ஒருக்கா அரைமணித்தியால வேலை எண்டபடியால் நாலுபேர் சேர்ந்து ஒண்டு வாங்கினம், வீடுவீடாகச் சுத்துது. பெரிசாக அடிக்கமுதல் அதே லாப்பில, அதே கடதாசியில ஒரு சின்னப் பிறிண்ட் போட்டுப் பகல் வெளிச்சத்தில பார்ப்பம். நல்லூர் மதிலின்ர படம் இதுக்கு நல்ல சோதனை. அந்தக் காவியும் வெள்ளையும் தெரியாத கண் இங்க இல்லை.

இதெல்லாம் செய்தாலும், 70களில எடுத்த கலர்ப்படம் சிவந்துபோயிருந்தால் எது சரியான நிறம் எண்டு மொனிற்றர் சொல்லாது. அதுக்கு வீட்டு ஆக்கள் வேணும். ஒரு அன்ரியின்ர அம்மாவின்ர படத்துக்கு அப்பிடித்தான் செய்தம். சின்னப் பிறிண்டை அவவின்ர கைக்குப் பக்கத்தில வைச்சுப் பார்த்தம். “அம்மா என்னைவிடக் கறுப்பு, தம்பி” எண்டா. இன்னொருக்கா அடிச்சம். அன்ரியின்ர தம்பியாருக்கு அது சரிவரேல்ல. “சபையில வைக்கிற படம், கொஞ்சம் வெள்ளையாப் போடுங்கோ” எண்டார். ரெண்டுபேரும் எங்களுக்கு முன்னாலயே சண்டை பிடிச்சினம்.

கறுத்த அம்மா இப்ப அன்ரி வீட்டு விறாந்தையில தொங்கிறா. தம்பியார் தனக்கு வேற இடத்தில அடிப்பிச்சிட்டார்.