சிரிப்புச் சாமியார்

திருச்சியிலிருந்து மதுரைக்குப் போகும் சாலையில் சுமார் முப்பது கிலோ மீட்டர் தாண்டினால் விராலிமலை வந்துவிடும். புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். நீங்கள் இன்னும் பார்த்ததில்லையென்றால், ஒரு நாள் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு கட்டாயம் போய் வாருங்கள். சின்னக் குன்று, இருநூறு படிக்குக் கொஞ்சம் மேலே. மேலே ஆறுமுகன் வள்ளி தெய்வயானையோடு மயில் மீது வீற்றிருக்கிறான். அந்த ஒரு மயில் போதாதென்று, குன்றைச் சுற்றிலும் நிஜ மயில்கள் வேறு!

இந்த முருகனுக்கு ஒரு விசேஷம் உண்டு. வடை, பொங்கலோடு சுருட்டும் நைவேத்தியம் செய்கிறார்கள். ஆம், புகைக்கிற சுருட்டேதான்! மழையிலும் வெள்ளத்திலும் அகப்பட்டுத் தவித்த ஒரு பக்தருக்கு முன்பின் தெரியாத ஆள் ஒருவர் வழித்துணையாக வந்து, குளிருக்குச் சுருட்டு வாங்கிப் பிடித்தாராம். பிறகு கோயிலில் வந்து பார்த்தால் சந்நிதியில் அதே சுருட்டு! இது என்ன கூத்து என்று பிற்பாடு ஒரு ராஜா தடுத்தாராம். சுவாமி அவருடைய கனவில் போய்க் கேட்டே விட்டாராம்.

என்னோடு வந்த என் அக்கா இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, "பாவம், கேட்டதே ஒரு சுருட்டு! அதையும் கொடுக்க மாட்டேனென்றால் எப்படி?" என்றாள்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது சுருட்டைப் பற்றி அல்ல. விராலிமலைக்குப் போகும்போது பஸ்ஸில் நடந்ததைப் பற்றி.

பஸ்ஸில் ஏதோ ஒரு படத்தின் நகைச்சுவைக் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. காவி அங்கி, புதர் போலச் சுருட்டை முடி, ஒரு போலிச் சாமியார். வெறுங்கையில் விபூதி வரவழைக்கிறார். பெண்களைக் கண்டால் வழிகிறார். கடைசியில் உதை வாங்குகிறார். பஸ் முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். பக்கத்தில் பார்த்தால் அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பக்கத்திலேதானே அந்த ஆசிரமம்?" என்றாள்.

இந்தப் பக்கத்தில்தான். பாத்திமா நகர் என்று பெயர். இலங்கை மாத்தளையில் பிறந்த பிரேமானந்தா, 1983 கலவரத்துக்குப் பிறகு தமிழ்நாட்டுக்கு வந்து, 1989-ல் இங்கே ஆசிரமம் அமைத்தார். கையிலிருந்து விபூதி கொட்டும். சிவராத்திரி அன்று வாயிலிருந்து லிங்கம் வரும். வெளிநாட்டாரெல்லாம் வந்து விழுந்து கும்பிட்டார்கள். ஆசிரமத்தில் ஆதரவற்ற சிறுமிகள் இருந்தார்கள். சிலர் இலங்கையிலிருந்து அவருடனேயே வந்தவர்கள்.

1994-ல் ஒரு பெண் தப்பி வெளியே வந்தாள். அந்த நவம்பரில் அவர் கைதானார். பதின்மூன்று பெண்களைப் பலாத்காரம் செய்ததாக வழக்கு. அங்கிருந்த இலங்கை இளைஞர், ஒரு பொறியாளர், கொல்லப்பட்டு ஆசிரம மண்ணிலேயே புதைக்கப்பட்டிருந்தார். ஒரு பெண்ணின் கலைக்கப்பட்ட கருவை ஐதராபாத் விஞ்ஞானக் கூடம் டி.என்.ஏ. சோதனை செய்து, தகப்பன் யார் என்று சொல்லிற்று. 1997 ஆகஸ்டில் புதுக்கோட்டை செஷன்ஸ் நீதிபதி ஆர். பானுமதி இரட்டை ஆயுள் தண்டனையும் அறுபது லட்சத்துக்கு மேல் அபராதமும் விதித்தார். பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியான அதே அம்மையார்தான். உச்ச நீதிமன்றம் 2005-ல் தண்டனையை உறுதி செய்தது. 2011-ல் கைதியாகவே பிரேமானந்தா இறந்தார். அவர் குற்றமற்றவர் என்று நம்பும் பக்தர்கள் அதற்குப் பிறகும் இருந்தார்கள்.

இதற்கெல்லாம் நடுவில் இன்னொரு காரியம் நடந்தது. அவர் பெயர் கேலிப் பெயராகிவிட்டது. எங்கள் தெருவில் யாராவது நாலு பெண்களோடு நின்று பேசினால் போதும், "பெரிய பிரேமானந்தா!" என்பார்கள். கேட்டவர்கள் சிரிப்பார்கள்.

தமிழ் சினிமாவுக்குப் போலிச் சாமியார் புதியவரல்ல. அண்ணா எழுதிய 'வேலைக்காரி' 1949-ல் வந்தது. அதில் ஓர் ஆசிரமமும் போலித் துறவியும் உண்டு. 1952-ல் வந்த 'பராசக்தி'யில், போக்கிடமில்லாத கல்யாணியிடம் கோயில் பூசாரி முறைகேடாக நடக்கப் பார்க்கிறான். அங்கே யாரும் சிரிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். கொட்டகையில் இருந்தவர்களுக்குக் கோபம் வந்தது. அந்தப் படங்களின் கட்சி எதுவாயிருந்தாலும், அந்த இடத்தில் காமிரா கல்யாணியின் பக்கம் நின்றது. பின்னால் வந்த காமிரா சாமியாரின் பக்கம் போய் நின்றுகொண்டது. விபூதியும் லிங்கமும்தான் பார்க்க வேடிக்கையாக இருக்கின்றன!

அந்த வித்தையின் ரகசியம் ரொம்பச் சின்னது. சாம்பலைக் கஞ்சியில் குழைத்து உலர்த்திய வில்லையை விரலிடுக்கில் வைத்து நசுக்கினால் விபூதி. இதை ஊர் ஊராகச் செய்துகாட்டியவர், கோவை போத்தனூரில் வாழ்ந்து 2009-ல் காலமான பகுத்தறிவாளர் ஒருவர். அவர் பெயர் என்ன தெரியுமா? பி. பிரேமானந்த்! விதிக்கும் நகைச்சுவை உணர்ச்சி உண்டு போலிருக்கிறது.

ஆனால் புதுக்கோட்டை நீதிமன்றம் தண்டித்தது வித்தையை அல்லவே? சினிமாச் சாமியாரிடம் ஏமாறுகிறவர்களைப் பார்த்து, "அசடுகள்!" என்று நாம் சிரிக்கிறோம். அந்தப் பதின்மூன்று பேர் எதிலே அசடுகள்? லிங்கத்தை நம்பி வரம் கேட்க வந்தவர்களா? நிழலும் சோறும் படிப்பும் கிடைக்குமென்று பெரியவர்கள் கொண்டுவந்து விட்ட குழந்தைகள். வேறு வீடு அவர்களுக்கு இல்லை.

அமெரிக்காவில் சார்லஸ் மேன்சன் என்று ஒருவன் இருந்தான். அவன் சீடர்கள் 1969-ல், நிறைகர்ப்பிணியாயிருந்த நடிகை ஷாரன் டேட் உள்படப் பலரைக் கொன்றார்கள். பிற்காலத்தில் ஒரு பாடகர் அவன் பெயரைத் தமக்கு மேடைப் பெயராக வைத்துக்கொண்டார்; சட்டைகளிலும் அவன் முகத்தை அச்சடித்து விற்றார்கள். அங்கே கொலைகாரனைப் பயங்கரமாக்கிப் பணம் பண்ணினார்கள். நாம் வேடிக்கையாக்கினோம். எது மேல் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

2020-ல் வந்த 'மூக்குத்தி அம்மன்' சாமியார் ஊர் நிலத்தை வளைக்கப் பார்க்கிறார். நல்ல பொழுதுபோக்குதான், மறுக்கவில்லை. 2023-ல் இந்தியில் 'சிர்ஃப் ஏக் பந்தா காஃபி ஹை' என்று ஒரு படம் வந்தது. அதிலும் ஒரு சாமியார்தான். ஆனால் படம் அவருடையதல்ல. சாட்சி சொல்ல வந்த பெண்ணுடையதும் அவளுக்காக வாதாடும் வக்கீலுடையதும். அதைப் பார்க்கும்போது விராலிமலைப் பக்கத்து நினைவு வராமல் போகாது.

மலையிலிருந்து இறங்கியதும், புதுக்கோட்டை போய்ச் சித்தன்னவாசல் ஓவியங்களைப் பார்க்கலாம் என்றேன்.

"புதுக்கோட்டைக்குப் போவோம். ஆனால் கோர்ட்டைப் பார்க்கணும்" என்றாள் அக்கா.

"கோர்ட்டில் என்ன பார்க்க இருக்கிறது?"

"அந்தப் பெண்கள் வந்து சாட்சி சொன்ன ஊர்டா. உள்ளே போக வேண்டாம். வாசலில் நின்றால் போதும்."

நின்றோம். கறுப்புக் கோட்டுகளும் கட்டுக் காகிதங்களுமாக மனிதர்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள். ஒரு கிழவி மரத்தடியில் தூக்குச் சட்டியைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அக்கா விரல் விட்டு ஏதோ கணக்குப் போட்டாள்.

"இப்போ அவர்களுக்கெல்லாம் நாற்பது வயசுக்கு மேலே ஆகியிருக்கும். குழந்தை குட்டிகளோடு எங்கேயாவது இருப்பார்கள். இந்த மாதிரி பஸ்ஸில் அவர்களும் ஏறுவார்கள் இல்லையா?"

நான் ஒன்றும் சொல்லவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸிலும் டி.வி. இருந்தது. கண்டக்டர் டிக்கெட் கொடுத்து முடித்துவிட்டு அதனருகில் போனார். அக்கா எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, காமெடி வேண்டாம். பாட்டு இருந்தால் போடுங்களேன்" என்றாள்.

அவர் போட்டார். பழைய பாட்டுக்கள். கீரனூர் தாண்டும் வரை அக்கா கேட்டுக்கொண்டே வந்தாள்; அப்புறம் தூங்கிவிட்டாள்.