மதுரையை விட யாழ்ப்பாணம் பக்கம்!

ஒரு சின்ன கேள்வி பாஸ். மீனம்பாக்கத்துல ஃப்ளைட் ஏறினா மதுரை பக்கமா, யாழ்ப்பாணம் பக்கமா?

"இதென்ன கேள்வி, மதுரைதான்"னு சொல்றவங்க ஒரு அட்லஸும் ஸ்கேலும் எடுங்க. சென்னை ஏர்போர்ட்டில் இருந்து மதுரை ஏர்போர்ட் நேர்கோட்டில் சுமார் 415 கி.மீ. யாழ்ப்பாணத்தின் பலாலி ஏர்போர்ட் சுமார் 355 கி.மீ.தான். அப்படியே நேர் தெற்கே! வாட்ச்சைக்கூடத் திருப்பி வைக்க வேண்டாம், ரெண்டு பக்கமும் ஒரே நேரம்.

இப்போ ஒரு கணக்கு. இந்த ரூட்ல பறக்கிற ஏ.டி.ஆர். விமானத்தின் வேகம் மணிக்கு சுமார் 500 கி.மீ. அப்படின்னா 43 நிமிஷம்தானே? ஆனா டிக்கெட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல போட்டிருக்கும். ஏமாத்து வேலை இல்லீங்க! நின்ன இடத்தை விட்டு நகர்றதில் இருந்து, அங்கே போய் நிக்கிற வரைக்கும் பயண நேரம்தான். ரன்வே வரை ஊர்ந்து போறது, மெதுவா மேலே ஏறுறது, இறங்குறது எல்லாம் இதுல அடக்கம்.

2023-ல் நான் போனப்போ, பக்கத்து சீட்டில் யாழ்ப்பாணத்து அம்மா ஒருத்தர். இந்தக் கணக்கை அவங்ககிட்ட பெருமையா சொன்னேன். சிரிச்சாங்க.

"சின்னனிலை ஐயாவோட இப்பிடித்தான் தம்பி மெட்ராஸுக்குப் பறந்தனாங்கள். பிறகு எல்லாம் நிண்டுபோச்சு. என்ரை அக்கா சென்னையிலைதான் செத்தவ. அப்ப கொழும்புக்குப் போற பாதை பூட்டியிருந்த நேரம். செத்தவீட்டுக்கு என்னால வர ஏலாமப் போச்சு."

அதுக்கப்புறம் கொஞ்ச நேரம் நான் வாயே திறக்கலை.

அவங்க சொன்னது புது ரூட் இல்லை ஃப்ரெண்ட்ஸ். 1947 டிசம்பரில் ஏர் சிலோனின் முதல் விமானமே கொழும்பில் கிளம்பி, காங்கேசன்துறை வழியா மெட்ராஸ் வந்ததுதான். 1983-ல் போர் வெடிச்சது. பலாலி ராணுவத் தளமாச்சு, சுத்தியிருந்த ஊர் ஜனங்க இடம்பெயர்ந்தாங்க. அந்த வருஷங்களில் யாழ்ப்பாணத்துக்காரர் சென்னை வரணும்னா, தெற்கே சுமார் 400 கி.மீ. கொழும்புக்குப் போய், அங்கிருந்து திரும்ப வடக்கே பறக்கணும். அதுவும் பாதை திறந்திருந்தாத்தான்!

2009-ல் போர் முடிஞ்சும், 2019 அக்டோபர் 17-ல்தான் பலாலி சர்வதேச விமான நிலையமா திறந்தது. கொரோனாவால் 2020 மார்ச்சில் மறுபடி நின்னு, 2022 டிசம்பரில் திரும்பவும் பறக்க ஆரம்பிச்சது. 2025 மார்ச்சில் திருச்சியில் இருந்தும் ஃப்ளைட் விட்டாங்க. அது இன்னும் கிட்டே, சுமார் 185 கி.மீ.தான்!

கீழே நீலக் கடல் முடிஞ்சு பனைமரமும் செம்மண் தோட்டமும் தெரிஞ்சப்போ, அந்த அம்மா ஜன்னல்ல நெத்தியை வெச்சுக்கிட்டாங்க. "வந்திட்டுதே? இவ்வளவுதானே தூரம்?"

என்கிட்டதான் கேட்டாங்களான்னு தெரியலை. கி.மீ. கணக்கு சொன்ன எனக்கு அதுக்குப் பதில் வரலை.

பாஸ்போர்ட் இருந்தா, ஒரு லீவுல விசா விதியைப் பார்த்துட்டுக் கிளம்புங்க. பக்கத்து சீட்ல யாராவது பெரியவங்க உட்கார்ந்தா, ஹெட்போனைக் கழட்டிடுங்க. எவ்வளவு தூரம்னு அவங்க சொல்லுவாங்க.