டேங்க் விளக்கு: சில குறிப்புகள்

மொட்டைமாடி டேங்க்கில் ஃப்ளோட் ஸ்விட்ச். கீழே ஆர்டுயினோ ஊனோ. நடுவே இரண்டு மாடி ஒயர்.

ஸ்விட்ச் மூடியிருக்கிறதா என்று கீழே நின்றே தெரியணும். ஒரு எல்.இ.டி. போதும்.

5 வோல்ட், 1 கே ரெசிஸ்டர், சிவப்பு எல்.இ.டி., பின். அந்தப் பின்னிலிருந்தே ஸ்விட்ச் வழியாக கிரவுண்டு. மூடினால் எரியும், பின் பூஜ்யத்துக்கு இறங்கும்.

5-இல் எல்.இ.டி. 2 எடுத்துக்கொள்ளும். மீதி 3. ஆக 3 மில்லி ஆம்பியர். கண்ணுக்குத் தாராளம்.

திறந்திருக்கும்போது? சிப்புக்குள் இருக்கும் புல்-அப் ரெசிஸ்டரையும் போட்டுவிடணும். அப்போதுதான் பின் முழுசாக 5-க்கு ஏறும்.

அதே எல்.இ.டி.யைப் பின்னுக்கும் ஸ்விட்சுக்கும் நடுவே போட்டாலும் எரியும். ஆனால் பின் 2 வோல்ட் பக்கத்திலேயே நின்றுவிடும். ஊனோவின் சிப்பான ஏடிமெகா328பி-க்கு 1.5-க்குக் கீழே பூஜ்யம், 3-க்கு மேலே ஒன்று. நடுவில் நிற்பதற்கு யாரும் பொறுப்பில்லை.

விளக்கு பளிச்சென்று எரிகிறது. புரோகிராமுக்கு ஒன்றும் தெரியாது.

பழைய ஆர்டுயினோ போர்டுகளில் 13-ஆம் பின். எல்.இ.டி.யும் ரெசிஸ்டரும் ஒட்டியே வரும். உள் புல்-அப் போட்டால் 5-க்குப் பதில் 1.7-இல் தொங்கும். ஸ்விட்சே இல்லாமல் எப்போதும் 'லோ'.

உள் புல்-அப் 20 முதல் 50 கே வரை. அதில் ஓடுவது அதிகம் போனால் கால் மில்லி ஆம்பியர். ஃப்ளோட்டுக்குள் இருப்பதோ மோட்டார் கரண்டுக்கென்று செய்த காண்டாக்ட். மேலே படலம் படிந்தால் இந்தத் துளிக் கரண்டு உடைத்துக்கொண்டு போகாது. 3 மில்லி கொஞ்சம் பரவாயில்லை.

கண்ணுக்காகப் போட்ட கரண்டு.

லிஃப்ட் பட்டனில் விளக்கை எரியவிடுவது விரல் இல்லை, கண்ட்ரோலர். எரிந்த பிறகும் எல்லோரும் இன்னொரு தரம் அமுக்குகிறார்கள்.

கிராமத்து மோட்டார் ரூம். சிவப்பு, மஞ்சள், நீலம். மூன்றும் எரிந்தால் த்ரீ பேஸ் வந்தாச்சு. தண்ணீர் வந்ததா என்பதை வாய்க்காலில் போய்த்தான் பார்க்கணும்.

1979 மார்ச் 28. பென்சில்வேனியா, த்ரீ மைல் ஐலண்ட் அணு உலை. கட்டுப்பாட்டு அறையில் ஒரு விளக்கு அணைந்தது. வால்வைத் திறந்து வைத்திருந்த மின்சாரம் நின்றது என்பதற்கான விளக்கு. வால்வு மூடவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் அப்படியே கிடந்தது.

ஸ்விட்ச் மூடும்போது காண்டாக்ட் சில மில்லி செகண்ட் துள்ளும். சிப் ஒவ்வொரு துள்ளலையும் எண்ணும். எனக்கு ஒரே வெளிச்சம்.

இன்னொரு எல்.இ.டி. போடலாம். பச்சை. வேறு பின்னில், புரோகிராம் ஏற்றி எரிய.

தண்ணீர் விழும்போது ஃப்ளோட் ஆடும், சிவப்பு மினுக்கும். பச்சை 5 செகண்ட் பொறுத்துப் பார்க்கட்டும்.

இரண்டுக்கும் ஒரே நிறம் வாங்கக் கூடாது.