முசலிக் கரையில் ஒரு பழங்கணினி

மலர்க் குழுவினர் எம்மிடம் கட்டுரையொன்று வேண்டியபோது, விடுதிச் சோற்றையும் துடுப்பாட்டப் போட்டிகளையும் பற்றி யாம் எழுதுவோமென எதிர்பார்த்திருத்தல் கூடும். அவற்றை எம்மினும் சுவைபட எழுதவல்ல பழைய மாணவர் பலர் உளர். ஆசிரியத் தொழிலினின்றும் ஓய்வு பெற்றபின், முசலிப் பகுதியில் ஒரு பழைய கணினியோடு யாம் பட்ட பாட்டையே ஈண்டு எழுதப் புகுந்தோம். கணினியைத் தொட்டறியாத மூத்த அன்பர்களும் இப்பக்கத்தைப் புரட்டிவிட வேண்டியதில்லை. செய்தி ஏடு காத்தலைப் பற்றியது.

முசலி, மன்னார்த் தீவுக்குத் தெற்கே பெருநிலக் கரையில் உள்ளது. அரிப்பு, சிலாவத்துறை, கொண்டச்சி, மறிச்சுக்கட்டி, முள்ளிக்குளம் என்னும் ஊர்கள் அதனைச் சேர்ந்தவை. கண்டி மன்னனின் சிறையிலிருந்து தப்பிய றொபேட் நொக்ஸ் 1679 இல் வந்தடைந்தது அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையையே. பிரித்தானியரின் முதல் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த், முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்தற்கென அங்கு ஒரு மாளிகை கட்டுவித்தார். ஊரவர் அதனை அல்லிராணி கோட்டை என்பர். கடல் அதன் அடியை நெடுங்காலமாக அரித்து வருகின்றது. எஞ்சிய சில சுவர்களே இன்று நிற்கின்றன. அக்கரையின் உப்புக் காற்று செங்கல்லையே தின்னுமாயின், செப்புக் கம்பியை என்ன செய்யுமென்று சொல்ல வேண்டியதில்லை.

எம்மை அங்கு அழைத்தவர் எம்முடன் பணியாற்றிய ஒரு தலைமையாசிரியரின் மகன். அத்தலைமையாசிரியர் சிலாவத்துறைக்குத் தெற்கேயுள்ள ஒரு சிற்றூரைச் சேர்ந்த முஸ்லிம் பெரியார். 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, அவரும் குடும்பத்துடன் புத்தளம் சென்றார். அகதி வாழ்விற் கையிற் கொண்டுபோன பொருள் யாதுமில்லை. மனத்திற் கொண்டுபோனது ஊர். அவ்வூரை அவர் எழுதத் தொடங்கினார். எந்த வயலுக்கு எப்பெயர், எக்குளத்து நீர் எவ்வாய்க்கால் வழி எவருடைய நிலத்திற்குப் பாய்ந்தது, கிணறு வெட்டியவர் யார், எல்லையில் நின்ற மரம் எது என்பனவெல்லாம் அதில் இடம்பெற்றன. முதலிற் கொப்பிகளில் எழுதியவர், பின்னர் ஒரு பென்ரியம் 4 கணினியை வாங்கி, தாமே தட்டெழுதிப் பதிந்தார். கொப்பிகள் கறையானுக்கு இரையாயின. போர் முடிந்தபின் ஊர் திரும்பியபோது, லொறியில் மெத்தைகளுக்கு நடுவே அக்கணினியும் வந்தது. சில ஆண்டுகளின் பின் அவர் காலமானார்.

இவ்வெழுத்தின் பெறுமதியை விளக்கல் வேண்டும். இருபதாண்டு ஆளில்லாதிருந்த நிலத்திற் காடு மண்டிவிட்டது. 2017 மார்ச்சில் மாவில்லு பேணற்காடு என 40,000 ஹெக்டேயரளவு நிலம் வர்த்தமானியிற் பிரகடனமானபோது, தம் பழைய வயல்களும் மேய்ச்சல் தரைகளும் அதனுள் அகப்பட்டுவிட்டன என மீண்டு வந்தோர் முறையிட்டனர். உறுதிப் பத்திரங்கள் பலவும் தொலைந்துவிட்ட நிலையில், வயலின் பெயரையும் எல்லையையும் சொல்லும் எந்தக் குறிப்பும் ஒரு குடும்பத்திற்குப் பெருந்துணையாகும். பெரியவர் நினைவிலிருந்து எழுதியது நீதிமன்றில் எவ்வளவு தூரம் செல்லும் என்பது வேறு வினா. அஃது இல்லாவிடின் வினாவே எழாது.

இனி நடந்ததைச் சொல்வோம். அக்கணினி விண்டோஸ் எக்ஸ்பி என்னும் பணிசெயல் முறைமையில் இயங்கியது. 2001 இல் வெளிவந்த அம்முறைமைக்கான ஆதரவு 2014 ஏப்பிரலில் நிறுத்தப்பட்டது. உறவுக்கார இளைஞர் ஒருவர், பழையது பழுதாகுமுன் புதியதை ஏற்றிவிடுவோமென்று விண்டோஸ் 7 தட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். அதுவும் 2020 சனவரியிலேயே ஆதரவிழந்த பதிப்பு. பழையதைக் களைந்து பழையதை உடுத்தும் செயல் இது. அன்றியும், எக்ஸ்பியிலிருந்து 7 இற்கு நேரே மேம்படுத்தும் வழியில்லை; புதிதாகவே நிறுவல் வேண்டும். நிறுவும்போது பழைய கோப்புகளை ஒரு தனி உறையில் ஒதுக்கிவைப்பது அம்முறைமையின் வழக்கம். அது 2022 மார்ச் இறுதி. நாடெங்கும் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின் நின்ற காலம். கோப்புகள் இடம்மாறிக்கொண்டிருந்த வேளையில் மின் நின்றது. மீண்டும் மின் வந்தபோது, பழைய முறைமையும் இல்லை, புதியதும் இல்லை. கருந்திரையில் வெள்ளெழுத்தில் ஒரு வரி மாத்திரமே தெரிந்தது.

நானாட்டான் வழியாக அருவியாற்றைக் கடந்து யாம் அவ்வீட்டை அடைந்தபோது, பெட்டியின்மேல் ஒரு வெள்ளைத் துணி விரிக்கப்பட்டிருந்தது. "வாப்பா எழுதினது எல்லாம் இதுக்குள்ளதான் சேர் இருக்கு. கடையில குடுத்தா அழிச்சுப்போட்டுப் புதுசு போட்டுத் தாறம் எண்டுறாங்கள்," என்றார் மகன். "தம்பி, இனி ஒருவரும் இதை மின்னிற் கொளுவ வேண்டாம்," என்பதே யாம் முதலிற் சொன்னது.

மாணவர் இதனை மனத்திற் பதிக்க. தவறிய கணினியில் முதலிற் செய்யத்தக்கது திருத்துதல் அன்று, பிரதி எடுத்தல். தட்டில் அழிந்ததாகத் தோன்றும் கோப்பு, அதன் இடத்திற் பிறிதொன்று எழுதப்படும்வரை பெரும்பாலும் அங்கேயே கிடக்கும். மீண்டும் மீண்டும் நிறுவ முயல்வோரே அதனை உண்மையில் அழிப்பவர். ஆகவே வன்தட்டைக் கழற்றி, ஓர் இணைப்பியினால் எமது மடிக்கணினியிற் பொருத்தி, லினக்ஸின் துணையால் முழுத்தட்டையும் ஒரே கோப்பாகப் படியெடுத்தோம். அதற்குப் பயன்பட்ட 'டிடி ரெஸ்க்யூ' என்னும் செயலி நல்ல பகுதிகளை முதலிற் படித்துக்கொண்டு, பழுதான இடங்களை விட்டுச்சென்று, ஈற்றில் அவற்றிற்குத் திரும்பி வரும். நோயாளியை முதலிற் களைப்படையச் செய்யாத வைத்தியரைப் போன்றது அது. ஓர் இரவும் மறுநாட் காலையும் சென்றன. சிறுசிறு துண்டுகள் தவிர எஞ்சியன வந்து சேர்ந்தன.

பின்னர் அப்படியில் தேடினோம். கோப்புகளிற் பாதி பழைய இடத்திலும் பாதி புதிய உறையிலும் சிதறிக் கிடந்தன. ஒன்றைத் திறந்தோம். திரை நிறைய ஆங்கில எழுத்துகள். ஒரு சொல்லும் ஆங்கிலமன்று. மகனின் முகம் வாடிற்று. எமக்கோ அப்போதுதான் உயிர் வந்தது. அது பாமினி எழுத்துரு!

இன்றைய மாணவருக்கு இதனை விளக்குதல் தகும். யூனிக்கோட் பரவுமுன் ஈழத்துத் தமிழர் பெரிதும் கையாண்ட எழுத்துரு பாமினி. அதிலே கணினி தமிழைத் தமிழென அறியாது. ஆங்கில எழுத்தொன்றையே சேமிக்கும். எழுத்துரு அதற்குத் தமிழ் வேடம் இடும். 'தமிழ்' என்னும் சொல், ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு எழுத்தாகவும் ஓர் அரைப்புள்ளியாகவும் தட்டில் உறையும். வேடம் கலைந்தால் எவருக்கும் விளங்காது. எண்கள் மட்டும் வேடமின்றி எண்களாகவே நிற்கும். அக்குழப்பத்தின் நடுவே அன்று எமக்குத் தெளிவாகத் தெரிந்தது '1990' என்பது ஒன்றே.

எழுத்துருவும் அதே தட்டில் இருந்தது. அதனை நிறுவியதும் பக்கம் தமிழாயிற்று. முதல் வரியில் ஒரு குளத்தின் பெயர். மகன் அதனை வாய்விட்டு வாசித்தார். அடுக்களையிலிருந்த தாயார் வாசலில் வந்து நின்றுகொண்டார்.

இத்தகைய இழப்பு எம்மவர்க்கு மாத்திரம் நேர்வதன்று. இங்கிலாந்தில் 1086 இல் தொகுத்த 'டூம்ஸ்டே' என்னும் நிலக் கணக்கேட்டை இன்றும் வாசிக்கலாம். அதன் 900 ஆம் ஆண்டு நிறைவையொட்டி 1986 இல் பிபிசி நிறுவனத்தார் லேசர்த் தட்டுகளில் ஒரு புதிய டூம்ஸ்டேயை வெளியிட்டனர். பதினாறாண்டு கழிவதற்குள் அத்தட்டை வாசிக்கும் பொறி கிடைத்தற்கு அரிதாயிற்று. லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் அப்பழம்பொறியைப் போன்று நடிக்கும் மென்பொருளை ஆக்கியே 2002 இல் அதனை மீட்டுக் காட்டினர். ஏடுகள் செல்லரிக்குமுன் படியெடுத்து, 1887 இல் கலித்தொகையைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளையின் நாட்டிற் பிறந்த எமக்கு இது புதுப்பாடமன்று. ஆயினும் மறந்த பாடம்.

கோப்பு கிடைத்தபின் கணினியை எறிந்துவிடலாமே என்று அன்பர் கேட்பர். யாமும் அவ்வாறே கருதினோம். தாயார் உடன்படவில்லை. அவர் விருப்பின்பொருட்டே பெட்டியைத் திறந்தோம். தாய்ப்பலகையின் மின்கலம் ஓய்ந்திருந்தது. மூன்று வோல்ற்று நாணய மின்கலம், எந்தக் கடையிலும் கிடைக்கும். நினைவகத் தகட்டின் பொன்முலாம் விளிம்பில் உப்புப் படிந்திருந்தது. பென்சில் அழிறப்பரால் மெல்லத் தேய்த்தோம். கணிக்கும் சில்லின் அருகே மூன்று கொள்ளளவிகளின் தலை ஊதியிருந்தது. அக்காலத்துத் தாய்ப்பலகைகள் பலவற்றிற்கு இது பொதுநோய். உள்ளிருக்கும் திரவம் கெட்டு வாயுவாகித் தலையை உயர்த்தும். அதே மைக்ரோபரட் அளவும், குறையாத வோல்ற்றளவும் கொண்ட புதியவற்றை மன்னாரில் பெற்றுப் பற்றாசு வைத்தோம். வேறொரு வன்தட்டைப் பொருத்தி, பெட்டியின் பக்கத்தில் ஒட்டியிருந்த சீட்டிலுள்ள இலக்கத்தைக் கொண்டே எக்ஸ்பியை மீள நிறுவினோம். இணையத்திற்கு அதனை இணைக்கவில்லை. ஆதரவற்ற முறைமைக்கு அது தகாது. மின் நின்றால் தாங்குவதற்கு ஒரு யூ.பி.எஸ் வைத்தோம்.

கோப்புகளை யூனிக்கோடிற்கு மாற்றுதல் இதனினும் நெடிய வேலையாயிற்று. பாமினியிற் கொம்பு எழுத்துக்கு முன்னே நிற்கும். யூனிக்கோடில் அது மெய்யின் பின்னே சேமிக்கப்படும். மாற்றும் செயலி இதனைப் பெரும்பாலும் சரியாகச் செய்யினும், இடையிடையே பெரியவர் ஆங்கிலத்தில் எழுதிய சொற்களையும் தமிழென எண்ணிப் பிதற்றித் தள்ளியது. வரி வரியாக ஒப்புநோக்க நான்கு மாதம் சென்றது. மகன் வாசிக்க யாம் திருத்தினோம். ஐயமான ஊர்ப்பெயரைத் தாயார் தீர்த்துவைத்தார். பாமினிப் பிரதியையும் அழிக்காது எழுத்துருவோடு சேர்த்தே வைத்துள்ளோம். இப்பொழுது பிரதிகள் நான்கு: ஒன்று ஊரில், ஒன்று புத்தளத்து உறவினர் வீட்டில், ஒன்று எம்மிடம், மற்றையது அச்சிட்டுக் கட்டிய கடதாசிப் புத்தகம். கடதாசியைத்தான் முதியவர்கள் கேட்டு வாங்கிப் புரட்டுகின்றனர்.

மூன்று கோப்புகள் வரவில்லை. அவற்றின் பெயர்ப்பட்டியல் மட்டும் தட்டில் எஞ்சியுள்ளது. ஒன்று கிணறுகளைப் பற்றியது. ஊரின் கிழக்குப் பக்கத்துக் கிணறுகளை அறிந்த முதியவர் இருவர் இன்றும் உளர். ஒருவருக்குக் கண் தெரியாது. மகன் வெள்ளிக்கிழமைகளிற் பள்ளிவாசலுக்குப் போய்வரும் வழியில் அவரிடம் அமர்ந்து, ஒவ்வொரு கிணறாகக் கேட்டு எழுதி வருகின்றார். இதனை யாம் எழுதும் நாளில் பதினொரு கிணறு சேர்ந்துள்ளது.