சொதியும் சூப்பேயும்

திருநெல்வேலிச் சீமையில் கல்யாணச் சாப்பாட்டைவிட மறுவீட்டுச் சாப்பாட்டுக்கே மதிப்பு அதிகம். முதல் நாள் ஊருக்காகச் சமைப்பது; மறுநாள் மாப்பிள்ளைக்காகச் சமைப்பது. அந்த மறுநாள் பந்தியின் நாயகம் சொதி. பாசிப்பருப்பும் காய்கறியும் தேங்காய்ப்பாலும் கூடிய வெளிர்மஞ்சள் குழம்பு, தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி, கடித்துக்கொள்ள உருளைக்கிழங்கு வறுவல். இதை 'மாப்பிள்ளைச் சொதி' என்று சொல்வதே எங்கள் பக்கத்து வழக்கம். ஒரு பெண்ணின் கணவனுக்குச் சொதி ஊற்றிவிட்டால் அவனை வீட்டு மனிதனாக ஏற்றாயிற்று என்று பொருள்.

எங்கள் மகளின் கணவருக்கு அந்தச் சொதி மூன்று ஆண்டுகளாகக் கடனாக நின்றது.

2021-இல், விமானங்கள் ஓடியும் ஓடாமலும் இருந்த நாட்களில், மகள் மாட்ரிட் நகரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். மணமகன் பெரு நாட்டின் அரெகிப்பா நகரத்தவர். நாங்கள் இருவரும் திருமணத்தைக் கைபேசித் திரையில் பார்த்தோம். எங்களில் ஒருவருக்குத் தாயும் மற்றவருக்கு மாமியாருமான ஆச்சி, திரையை முகத்துக்கு நேரே நீட்டியபோது, "கண்ணு கூசுது" என்று எழுந்து போய்விட்டார். அன்றிலிருந்து பேத்தியோடு பேசவில்லை. கோபம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. பேத்தி அழைக்கும் நேரத்தில் அவருக்கு எப்போதும் பூப்பறிக்கும் வேலை வந்துவிடும், அவ்வளவுதான்.

2024 ஜூலையில், சாரல் காலத்தில், இருவரும் வந்தார்கள். எங்கள் வீடு தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையில் மேலகரத்தில் இருக்கிறது. திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த ஊர் என்பதால் இலக்கிய அன்பர்களுக்கு இப்பெயர் புதிதாக இராது. மருமகனை ஐந்தருவிக்கும் பழைய குற்றாலத்துக்கும் சித்திர சபைக்கும் அழைத்துச் சென்றோம். ரசிகமணி டி.கே.சி. 1954-இல் மறையும்வரை இங்கே வாழ்ந்து, ராஜாஜிக்கும் கல்கிக்கும் இன்னும் வந்தவர் போனவர் எல்லோருக்கும் கம்பனையும் விருந்தையும் ஒருசேரப் பரிமாறிய கதையையும் மகள் வழியாகச் சொன்னோம். விருந்தோம்பலுக்குப் பெயர்போன ஊர் என்று வெளியே பெருமை பேசிவிட்டு வீட்டுக்கு வந்தால், ஆச்சியின் அறைக் கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது.

மறுவீட்டு விருந்தைப் பற்றி மெல்லக் கேட்டோம். "கல்யாணமே பாக்கல, மறுவீடு எங்கேருந்து வந்துது?" என்றார். அதற்குமேல் பேச வழியில்லை.

ஆயினும் இரண்டாம் நாள் நாங்களே சொதி வைத்தோம், அதற்குப் பெயர் எதுவும் சூட்டாமல். தேங்காயைத் துருவி மூன்று பால் எடுத்தோம். நீர்த்த மூன்றாம் பாலில் காய்களை வேகவிட்டு, வெந்த பாசிப்பருப்பைச் சேர்த்து, இரண்டாம் பாலும் இஞ்சி பச்சைமிளகாய் அரைத்த விழுதும் விட்டு, கடைசியாகக் கெட்டியான முதற்பாலை ஊற்றி, ஓரத்தில் நுரை கட்டியதும் இறக்கினோம். சூடு தணிந்த பின்னர் எலுமிச்சைச் சாறு. மருமகன் ஒரு வாய் உண்டார். பின்பு கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு மகளிடம் ஏதோ சொன்னார். அவள் எங்களைப் பார்த்து, "இது அவரோட பாட்டி வைக்கிற சூப்பே மாதிரியே இருக்காம். இறால் மட்டும்தான் இல்லையாம்" என்றாள்.

கூடத்தில் ஒரு நிமிடம் அமைதி. 'இறால்' என்னும் சொல் அந்த வீட்டுச் சமையலறைக்குள் ஒலித்தது அதுவே முதல் முறையாக இருக்கலாம்.

அன்று மாலை மழைக்கு நடுவே சூப்பேயின் வரலாற்றைக் கேட்டுக்கொண்டிருந்தோம். அரெகிப்பா பெருவின் தென்பகுதியில், மிஸ்தி எரிமலையின் காலடியில், கடல்மட்டத்துக்கு 2,300 மீட்டருக்கும் மேலே இருக்கும் நகரம். வெள்ளை நிற எரிமலைக் கல்லால் கட்டிய வீடுகளும் தேவாலயங்களும் நிறைந்தது. அங்கே கிழமைக்கு ஒரு சூப் என்று மரபே உண்டாம். 'சூப்பே' என்பது ஆண்டிஸ் மலை மக்களின் கெச்சுவா மொழியிலிருந்து வந்த சொல். அதில் தலைமையானது 'சூப்பே தே கமரோனெஸ்', அதாவது இறால் சூப்பே. கடல் இறால் அன்று. மலையிலிருந்து பசிபிக் கடலுக்கு இறங்கும் ஆறுகளில் பிடிக்கும் ஆற்று இறால். ஆண்டுதோறும் டிசம்பர் பிற்பகுதியிலிருந்து மார்ச் இறுதிவரை அதைப் பிடிக்கத் தடை. எனவே தடை நீங்கியதும் வைக்கும் முதல் சூப்பே ஊர்த் திருவிழாப் போல. தவக்கால வெள்ளிக்கிழமைகளில் புலால் விலக்கும் பக்தர்களுக்கென்று தனியே 'வெள்ளிக்கிழமைச் சூப்பே' உண்டு. மீனும் இறாலும் அவர்கள் விலக்கில் அடங்கா. இதை மகள் சொன்னபோது அறைக்குள்ளிருந்து ஆச்சியின் குரல் மட்டும் வந்தது: "நல்ல வெள்ளிக்கெழம."

மருமகன் அந்தச் சூப்பேயைச் சமைக்க விரும்பினார். பாட்டி முந்தைய ஆண்டு இறந்துவிட்டார் என்பதையும் அப்போதுதான் அறிந்தோம். எங்களால் ஆகட்டும் என்றும் சொல்ல முடியவில்லை, வேண்டாம் என்றும் சொல்ல முடியவில்லை. ஆச்சி புகுந்த நாளிலிருந்து அந்த அடுக்களையில் முட்டைகூட உடைந்ததில்லை. திவசச் சமையலில் மிளகாய்க்குக்கூட இடம் தராமல் மிளகு மட்டுமே சேர்ப்பவர். ஒரு வயோதிகரின் வாழ்நாள் ஒழுக்கத்தை ஒரு வாரம் தங்க வந்தவருக்காகக் கலைப்பது நியாயமா? மனைவியின் நாட்டுக்கு முதன்முறை வந்தவரிடம், உன் பாட்டியின் உணவு எங்களுக்குத் தீட்டு என்று சொல்வதுதான் நியாயமா? இரவெல்லாம் இதைப் பேசிக்கொண்டிருந்தோம். விடிந்ததும் ஆச்சியே தீர்ப்பு சொன்னார்: "பொறவாசல்ல அடுப்பு போட்டுப் பண்ணிக்கிடட்டும். பாத்திரம் உள்ள வரக் கூடாது."

இறால் வாங்கத் தென்காசிக்குப் போனோம். கேரளத்தில் அப்போது விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஜூன் 9 முதல் ஜூலை 31 வரை. ஆகவே ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் சரக்கு குறைவு. கிடைத்தது பண்ணை இறால். "வனாமி சார், நல்ல எறா" என்றார் கடைக்காரர். தலையை எடுக்காமல் ஒரு கிலோ கேட்டதற்கு எங்களைப் புதியவர்கள் என்று கண்டுகொண்டு சிரித்தார். தலையில்தான் சுவை என்று மருமகன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

இந்த வனாமி இறாலின் கதையை வீட்டுக்கு வந்து தேடிப் படித்தோம். அதன் பிறப்பிடம் பசிபிக்கின் கிழக்குக் கரை: மெக்சிகோவிலிருந்து வட பெருவரை. இந்தியப் பண்ணைகளில் அதை வளர்க்க 2009-இல்தான் அனுமதி கிடைத்தது. அதாவது தென்காசிக் கடையில் நாங்கள் வாங்கியது மருமகனின் நாட்டுக்காரனை! அதன்பின் ஒவ்வொரு பொருளையும் அந்தக் கண்ணோடு பார்க்கத் தொடங்கினோம். உருளைக்கிழங்கை முதலில் பயிராக்கியவர்கள் ஆண்டிஸ் மலைவாசிகள். மக்காச்சோளமும் மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்தவை. போர்த்துக்கீசியர் வருகைக்குப் பின்னரே இங்கு வந்தன. காரமான காய்க்குப் பெயர் வேண்டுமென்று நம் முன்னோர் மிளகின் பெயரையே எடுத்து 'மிளகாய்' என்று வைத்தார்கள். சொதியில் போட்ட பீன்ஸும் அவ்வழி வந்ததே. தலைமுறை தலைமுறையாக நாம் காத்துவரும் மாப்பிள்ளைச் சொதியில் பாதிக்காய் கடல்கடந்து வந்தது. அவர்கள் வருகைக்கு முன்பே இங்கு இருந்தவை தேங்காயும் இஞ்சியும் பாசிப்பருப்பும். அரெகிப்பாவின் சூப்பேயும் அப்படித்தான்: கிழங்கும் கதிரும் மிளகாயும் மண்ணின் மக்களுடையவை, பசும்பாலும் பாலாடைக்கட்டியும் ஸ்பானியர் கொண்டுவந்தவை. கலப்பில்லாத கிண்ணம் இரண்டு ஊரிலும் இல்லை.

புறவாசலில் மூன்று கல் கூட்டி விறகடுப்பு மூட்டினோம். மருமகன் இறாலின் தலையையும் ஓட்டையும் தனியே எடுத்து, முதுகின் கருநரம்பை நீக்கினார். தலைகளை எண்ணெயில் சிவக்க வறுத்து, நீர் விட்டுக் கொதிக்கவைத்து, மத்தால் நசுக்கி வடிகட்டியபோது செம்பொன் நிறச் சாறு கிடைத்தது. வேறொரு பானையில் வெங்காயம், பூண்டு, தக்காளி வதக்கினார். அவர்களுடைய 'அஹி பாங்கா' மிளகாய்க்கு ஈடாக, விதை நீக்கி ஊறவைத்த வற்றல் மிளகாயை அரைத்துக் கொடுத்தோம். காரம் மிகாமல் நிறம் வரவேண்டும் என்பது கணக்கு. வடித்த சாற்றை ஊற்றி, ஒரு பிடி அரிசி, உருளைக்கிழங்கு, பரங்கிக்காய், வட்ட வட்டமாக நறுக்கிய சோளக்கதிர் ஆகியவற்றைப் போட்டார். இனிப்புச் சோளம் ஒத்துவரவில்லை. பெருவின் கதிர் பெரிய மணியும் மாவுத்தன்மையும் உள்ளதாம். குற்றாலம் சாலையில் அவித்து விற்பவரிடம் இளசான சாதாரண மக்காச்சோளத்தைப் பச்சையாகவே வாங்கி வந்தோம். அது சரியாக அமைந்தது.

'வாகாத்தாய்' என்றொரு இலை வேண்டுமாம், கேந்திப்பூவின் இனத்தது. மருமகன் கொல்லையில் நின்ற கேந்திச் செடியின் இலையைக் கசக்கி முகர்ந்து, "ஒன்றுவிட்ட தம்பி" என்றார். முகர்ந்ததோடு சரி, பானையில் போட்டது புதினாவும் கொத்தமல்லியும்.

கிழங்கு வெந்ததும் இறாலைச் சேர்த்தார். இரண்டு மூன்று நிமிடமே, மீறினால் ரப்பர். பிறகு, டப்பாப் பாலுக்குப் பதிலாக நாங்கள் பாதியாகச் சுண்டக் காய்ச்சி வைத்திருந்த பசும்பாலைக் கையில் எடுத்தார். அடுப்பில் தீ நன்றாக எரிந்துகொண்டிருந்தது. பாலில் பாதி உள்ளே போயிருக்கும்.

"தீயத் தணிங்க மாப்பிள்ள, கொதிச்சா திரிஞ்சிரும்."

திரும்பிப் பார்த்தோம். புறவாசல் நிலைப்படிக்கு உள்ளே, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஆச்சி நின்றார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. மகள் மொழிபெயர்க்க வாய் திறக்குமுன் மருமகன் குனிந்து இரண்டு விறகை வெளியே இழுத்துவிட்டார். முதற்பாலை ஊற்றிய பின் கொதிக்கவிடலாகாது என்பது சொதியின் முதல் விதி. அதற்கு மொழி தேவைப்படவில்லை போலும். "பாட்டியும் இதையேதான் சொல்வார்" என்றார் பின்னால். ஆச்சி தாம் சொன்ன சொல்லைத் தாமே கவனித்தாரா என்பது எங்களுக்கு இன்றும் விளங்கவில்லை. எங்கள் மகள் கவனித்தாள்.

பனீர்த் துண்டுகளைப் போட்டு, ஆளுக்கொரு முட்டையை உடைத்து மேலே விட்டு மூடி இறக்கியானது. சாரல் காற்றில் திண்ணையில் அமர்ந்து உண்டோம். எங்களில் ஒருவர் இறாலோடு உண்டார்; மற்றவர் கதிரும் கிழங்கும் மட்டும். அந்தக் கதிரும் இறால் சாற்றில்தானே வெந்தது என்று யாரும் சுட்டிக்காட்டவில்லை. கதிரைக் கையில் எடுத்துக் கடித்து, உள்ளே ஊறிய சாற்றை உறிஞ்சுவதுதான் முறை என்று மருமகன் செய்துகாட்டினார். சுவை எப்படி என்று கேட்டால், முதலில் கடல். பிறகு பாலின் இதம். கடைசியாக எங்கள் வற்றலின் மெல்லிய எரிச்சல்.

அவர்கள் புறப்படுவதற்கு முந்தைய நாள் ஆச்சி விடியற்காலையில் தேங்காய் துருவும் ஓசை கேட்டு விழித்தோம். உதவி வேண்டாம் என்றுவிட்டார். இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு வறுவல், சொதி. இலையில் ஊற்றும்போதுதான் பார்த்தோம்: சொதிக்குள் வட்ட வட்டமாக மக்காச்சோளக் கதிர். எங்கள் வம்சத்தில் எவரும் சொதியில் சோளம் போட்டதில்லை. நாங்கள் பார்த்த பார்வையை உணர்ந்தவர் போல, "அந்தப் புள்ள அதத்தானே ஆசையாக் கடிச்சுது" என்றார். பேத்தியிடம், "ஏளா, ஒம் மாப்பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றார். மறுவீடு என்ற சொல்லை யாரும் எடுக்கவில்லை. மூன்று ஆண்டு மௌனம் ஒரே நாளில் முழுதும் கரைந்தது என்றும் சொல்லமாட்டோம். இப்போதும் கைபேசியில் இரண்டு வாக்கியத்துக்குமேல் பேசுவதில்லை, அவற்றில் ஒன்று, "மாப்பிள்ள சாப்ட்டாரா?"

சூப்பே வைத்த பானை இன்னமும் புறவாசலில்தான் கவிழ்ந்து கிடக்கிறது. உள்ளே வர அதற்கு அனுமதி இல்லை. ஆனால் ஒருநாள் அதைத் தேய்த்து வெயிலில் காயவைத்திருந்ததைக் கண்டோம். அதை நாங்கள் செய்யவில்லை.